முதலில் யாரை எடுப்பது? – அமெரிக்கக் கால்பந்து டிராஃப்டின் கதை

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது உலகம் சொல்லும் கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவில் இருக்கும், பெரும்பாலும் கையால்தான் ஆடுவார்கள். (அப்புறம் ஏன் அந்தப் பெயர் என்று கேட்கக் கூடாது!) இந்த ஆட்டத்தின் தொழில்முறைத் தொடரான என்.எஃப்.எல்.-இல் ஆண்டுக்கு ஒருமுறை, மைதானத்துக்கு வெளியே ஒரு பெரிய ஆட்டம் நடக்கும். அதன் பெயர் டிராஃப்ட். கல்லூரி அணிகளிலிருந்து வரும் புதிய வீரர்களை, அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். இது ஏலம் அல்ல. யார் அதிகப் பணம் தருகிறார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு. கோப்பையை வென்ற அணிக்கு அந்தச் சுற்றின் கடைசித் தேர்வு.

மொத்தம் ஏழு சுற்றுகள்தான். அதனால் எல்லா அணிகளுக்கும் வரும் தலைவலி ஒன்றே: எந்த இடத்தில் ஆடுபவரை முதலில் எடுப்பது? பந்தை எறிபவரையா? பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவரையா? இவர்களுக்காக முன்னால் நின்று முட்டி மோதுபவரையா? தொண்ணூறு ஆண்டுகளில் இதற்குக் கிடைத்த பதில் பலமுறை மாறியிருக்கிறது. அப்படி மாறியபோதெல்லாம், ஒரு வகை வீரர்களின் பிழைப்பும் சேர்ந்தே மாறியது.

கதைக்குள் போகுமுன் சில பாத்திரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. அணியின் மூளை குவார்ட்டர்பேக். ஒவ்வொரு ஆட்டத் துண்டிலும் பந்து முதலில் அவர் கைக்கு வரும். அவர் அதைத் தூரத்தில் ஓடும் சகாவுக்கு எறியலாம், அல்லது பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக்கிடம் கொடுத்து எதிரணிக்குள் புகுந்து ஓடச் சொல்லலாம். முன்வரிசையில் ஐந்து மலைகள் நின்று இவர்களைக் காக்கும். அந்த ஐவரில் இடது ஓரத்தில் நிற்பவர் லெஃப்ட் டேக்கிள். வலக்கைக்காரரான குவார்ட்டர்பேக் எறியத் தயாராகும்போது அவரது முதுகு இடது பக்கம் திரும்பியிருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஆபத்து அவர் கண்ணுக்குத் தெரியாது.

டிராஃப்டைக் கொண்டுவந்தவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல். 1935-இல் ஸ்டான் கோஸ்ட்கா என்ற கல்லூரி வீரரைச் சேர்க்க முயன்று தோற்றுப்போனார். புரூக்ளின் அணி அவரைக் கொண்டுபோய்விட்டது. நல்ல வீரர்கள் எல்லாம் சிகாகோ, நியூயார்க், கிரீன் பே என்று வசதியும் பெயரும் உள்ள அணிகளுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். இது நீடித்தால் தொடரே படுத்துவிடும் என்று பெல் மற்ற உரிமையாளர்களிடம் வாதாடினார். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். பெல்லின் வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அதில் வீரர்களின் வாய் அடைக்கப்பட்டதும் உண்மை. ஒரு வீரரோடு பேரம் பேச ஒரே ஒரு அணிக்குத்தான் உரிமை என்றால் சம்பளம் எப்படி உயரும்?

முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரி 8 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஓட்டலில் நடந்தது. கரும்பலகையில் 90 பெயர்கள், ஒன்பது அணிகள். 1935-இல் இரண்டே ஆட்டங்களை வென்றிருந்த பெல்லின் அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. அவர் எடுத்தது சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். பந்தோடு ஓடுவதில் மன்னர். வேடிக்கை என்னவென்றால், வரலாற்றின் முதல் டிராஃப்ட் வீரர் என்.எஃப்.எல்.-இல் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சம்பளம் படியவில்லை, நுரை ரப்பர் விற்கும் வேலைக்குப் போய்விட்டார்.

ஓடுபவருக்கு முதலிடம் என்ற அந்தப் பழக்கம் நெடுங்காலம் நிலைத்தது. அன்றைய விதிகளின்படி அது முட்டாள்தனமும் அல்ல. எறிவது ஆபத்தான சூதாட்டமாக இருந்தது. பந்தைப் பிடிக்க ஓடுபவரைத் தடுப்பவர்கள் வழி நெடுக இடித்துத் தள்ளலாம்; குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையினரோ கைகளை நீட்டித் தடுக்க முடியாது. 1969-இல் முதல் தேர்வாகப் போன ஓ.ஜே. சிம்ப்சன் 1973-இல் 14 ஆட்டங்களில் 2,003 கஜம் ஓடினார். 1977 முதல் 1981 வரையிலான ஐந்து டிராஃப்ட்களில் நான்கில் முதல் தேர்வு ரன்னிங் பேக்தான்.

ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளின் நடுவிலேயே ஆட்டம் மாறிவிட்டது. 1978-இல் விதிகள் திருத்தப்பட்டன. பந்தைப் பிடிக்க ஓடுபவரை ஐந்து கஜத்துக்கு அப்பால் இடிக்கக் கூடாது. முன்வரிசையினர் கைகளை நீட்டி, விரித்த உள்ளங்கையால் தடுக்கலாம். எறிதல் ஒரே நாளில் மலிவாகிவிட்டது. அணிகளின் புத்தி மட்டும் பழைய தடத்திலேயே ஓடியது.

1981 டிராஃப்ட் இதற்கு அருமையான சாட்சி. முதல் தேர்வு நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்கு. அதன் புதிய பயிற்சியாளர் பம் ஃபிலிப்ஸ், அதற்கு முன் ஹூஸ்டனில் ஏர்ல் கேம்ப்பெல் என்ற காட்டெருமை மாதிரியான ரன்னிங் பேக்கை வைத்து வென்றவர். அதே மாதிரி இன்னொருவர் வேண்டும் என்று ஜார்ஜ் ரோஜர்ஸை எடுத்தார். அடுத்த தேர்வில் நியூயார்க் ஜயன்ட்ஸ் எடுத்தது லாரன்ஸ் டெய்லர், தற்காப்பு ஆட்டக்காரர். முதல் பருவத்தில் ரோஜர்ஸ் ஏமாற்றவில்லை. 1,674 கஜம் ஓடி அந்த ஆண்டு தொடரிலேயே முதலிடம் பிடித்தார். அவர் அணி? 4 வெற்றி, 12 தோல்வி! ஓட்டத்தில் முதல்வர் இருந்தும் பன்னிரண்டு தோல்வி என்றால், அந்தத் திறமைக்கு இருந்த மதிப்பு என்ன என்று அன்றே யாராவது உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். ஃபிலிப்ஸ் யோசித்ததாகத் தெரியவில்லை. 1984-இல் ஒரு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்து, தேய்ந்துபோன கேம்ப்பெல்லையும் வாங்கிப் போட்டார். கேம்ப்பெல் 1986 பருவம் தொடங்குமுன் ஓய்வு பெற்றார். பிற்காலத்தில் அவருக்கு நடக்கவே துணை தேவைப்பட்டது.

டெய்லர் வேறு விதமாக வரலாற்றில் நின்றார். குவார்ட்டர்பேக்குகளை வேட்டையாடுவதே அவர் தொழில். 1985 நவம்பர் 18 அன்று தொலைக்காட்சியில் லட்சக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பாய்ந்ததில் வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் எலும்பு இரண்டாக முறிந்தது. தைஸ்மன் மறுபடி ஆடவே இல்லை. இதற்கிடையே 1983 டிராஃப்டின் முதல் சுற்றில் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போயிருந்தார்கள். ஜான் எல்வே முதலிலும், டான் மரீனோ 27-ஆவதாகவும் வந்தது அந்த ஆண்டில்தான். எறிபவர் பொன்னாகிவிட்டால் பொன்னைத் திருடுபவருக்கும் மதிப்பு, பூட்டுக்கும் மதிப்பு.

அந்தப் பூட்டுதான் லெஃப்ட் டேக்கிள். ரசிகர்களுக்குப் பெயர்கூடத் தெரியாத அந்த மனிதரின் விலை 1993-க்குப் பிறகு தெரியவந்தது. அந்த ஆண்டில்தான் ஒப்பந்தம் முடிந்த வீரர் விரும்பிய அணிக்குப் போகும் முழு உரிமை வந்தது. அடுத்த ஆண்டே ஒரு அணி மொத்தச் சம்பளமாக 3 கோடியே 46 லட்சம் டாலருக்கு மேல் தரக் கூடாது என்ற உச்சவரம்பும் வந்தது. இனி ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறைத்தாக வேண்டும். எந்த இடத்துக்கு எவ்வளவு என்பது அப்போதுதான் கணக்காக மாறியது.

1996-இல் பால்டிமோர் ரேவன்ஸ் தன் முதல் டிராஃப்டில் நான்காவது தேர்வோடு உட்கார்ந்திருந்தது. அணிக்குத் தேவை ஒரு ரன்னிங் பேக். லாரன்ஸ் ஃபிலிப்ஸ் என்பவர் கையெட்டும் தூரத்தில் இருந்தார். லெஃப்ட் டேக்கிள் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். ஆனாலும் தேர்வுப் பொறுப்பில் இருந்த ஓஸி நியூசம் ஜொனாதன் ஆக்டன் என்ற லெஃப்ட் டேக்கிளையே எடுத்தார். முதல் ஆண்டு அவரைப் பக்கத்து இடத்தில் ஆடவைத்தார்கள். அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் அந்த இடது ஓரம் அவருடையது. 2001 ஜனவரியில் சூப்பர் பௌல் கோப்பை, 2013-இல் ஆக்டனுக்குப் புகழ் மண்டபத்தில் இடம். ஃபிலிப்ஸை ஆறாவதாக எடுத்த செயின்ட் லூயிஸ் ராம்ஸ், அவரை நம்பி அதே நாளில் ஜெரோம் பெட்டிஸ் என்ற ரன்னிங் பேக்கை விற்றது. அடுத்த ஆண்டே ஃபிலிப்ஸை விடுவித்தது. பெட்டிஸும் பின்னாளில் புகழ் மண்டபத்துக்குப் போனார். (ராம்ஸ் ரசிகர்களிடம் இதைக் கேட்காமல் இருப்பது நல்லது.)

ரன்னிங் பேக் முதல் தேர்வாகப் போனது கடைசியாக 1995-இல். சின்சினாட்டி எடுத்த கீ-ஜானா கார்ட்டர், பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்தில் மூன்றாவது முறை பந்தைத் தொட்டபோதே முழங்கால் கிழிந்து விழுந்தார். அதே டிராஃப்டில் ஆறாம் சுற்றில், 196-ஆவது ஆளாக டென்வர் எடுத்த டெரல் டேவிஸ் 1998-இல் 2,008 கஜம் ஓடினார். இரண்டு கோப்பைகளில் அவருக்குப் பெரும் பங்கு. ஓடுபவரைப் பின்சுற்றுகளிலும் தேடிக்கொள்ளலாம் என்று அணிகள் கற்றுக்கொள்ள இந்த ஜோடி போதுமானதாக இருந்தது. நியூ ஆர்லியன்ஸ் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. 1999-இல் பயிற்சியாளர் மைக் டிட்கா, ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே ரன்னிங் பேக்குக்காக அந்த ஆண்டு கையிலிருந்த எல்லாத் தேர்வுகளையும், மறு ஆண்டின் முதல், மூன்றாம் சுற்றுத் தேர்வுகளையும் தூக்கிக் கொடுத்தார். பலன் 3 வெற்றி, 13 தோல்வி. டிட்காவின் வேலையும் போனது.

1998 முதல் 2025 வரை 28 முதல் தேர்வுகள். அதில் 21 பேர் குவார்ட்டர்பேக். மீதி ஏழு பேரில் ஐந்து பேர் குவார்ட்டர்பேக்கைத் தாக்குபவர்கள், இரண்டு பேர் அவரைக் காக்கும் டேக்கிள்கள். வேறு யாருக்கும் இடமில்லை!

இதில் பண விவகாரம் ஒன்று உண்டு. 2010-இல் முதல் தேர்வான சேம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம். அதில் 5 கோடி உறுதி. ஒரு பந்துகூட எறிவதற்கு முன்! 2005-லேயே கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் முதல் சில தேர்வுகள் தகுதிக்கு மேல் விலைபோகின்றன என்று எழுதியிருந்தார்கள். (தேலருக்கு 2017-இல் நோபல் கிடைத்தது, வேறு ஆய்வுகளுக்காக.) 2011-இல் புதிய வீரர்களின் சம்பளம் அளவிடப்பட்டது. அந்த ஆண்டின் முதல் தேர்வு கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 20 லட்சம்தான். குவார்ட்டர்பேக் அடுத்த ஒப்பந்தத்தில் இதைப் பல மடங்காக வசூலித்துவிடுவார். முப்பத்தைந்து வயதிலும் ஆடுவார். ரன்னிங் பேக்கின் உடம்போ முதல் நான்கைந்து ஆண்டுகளில்தான் உச்சத்தில் இருக்கும். அந்த ஆண்டுகள் மலிவு ஒப்பந்தத்தில் கழிந்துவிடும். நல்ல விலை கேட்கும் நேரத்தில் கால்கள் தேய்ந்திருக்கும், கல்லூரியிலிருந்து புதிய ஆள் வந்திருப்பார். 2013-இல் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கும் எடுக்கப்படவில்லை. 1963-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

ஜயன்ட்ஸ் 2018-இல் எதிர்நீச்சல் போட்டது. இரண்டாவது தேர்வில் சேக்வான் பார்க்லி என்ற ரன்னிங் பேக். ஏழாவதாக ஜோஷ் ஆலனும், 32-ஆவதாக லமார் ஜாக்சனும் போனார்கள். இருவரும் குவார்ட்டர்பேக்குகள், பின்னாளில் இருவருமே தொடரின் சிறந்த வீரர் விருது பெற்றவர்கள். பார்க்லி நன்றாகவே ஆடினார், அணிதான் தேறவில்லை. 2023 கோடையில் அவருக்கும் வேறு சில ரன்னிங் பேக்குகளுக்கும் நீண்ட ஒப்பந்தம் மறுக்கப்பட்டபோது, ஓடுபவர்கள் எல்லாம் இணையம் வழியே கூடிக் குறையைப் பேசிக்கொண்டார்கள். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 2024-இல் பார்க்லி ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். அங்கே அவருக்கு முன்னால் நின்ற லெஃப்ட் டேக்கிள் ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடியவர், ஏழாம் சுற்றில் 233-ஆவதாக எடுக்கப்பட்டவர். அந்த வரிசைக்குப் பின்னால் பார்க்லி 2,005 கஜம் ஓடினார்.

ரன்னிங் பேக்கின் காலம் திரும்பிவிட்டது என்று பலர் எழுதினார்கள். கொஞ்சம் பொறுத்திருக்கலாம். 2025 பிப்ரவரி சூப்பர் பௌலில் கான்சஸ் சிட்டியை 40–22 என்று ஈகிள்ஸ் வென்ற நாளில் பார்க்லி ஓடியது 57 கஜம்தான். எதிரணிக் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை ஆறு முறை தரையில் வீழ்த்திய தற்காப்பு வரிசைதான் அந்த ஆட்டத்தை முடித்துவைத்தது.

இரண்டு மாதம் கழித்து நடந்த டிராஃப்டில், கல்லூரியின் கடைசிப் பருவத்தில் 2,601 கஜம் ஓடிய ஆஷ்டன் ஜென்டியை லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் ஆறாவதாக எடுத்தது. ஒப்பந்தம் நான்கு ஆண்டு. ஐந்தாவது ஆண்டும் வைத்துக்கொள்வதா என்பது அணியின் விருப்பம். மூன்று பருவம் முடியும்வரை அவர் சம்பளத்தைப் பற்றி மறுபேச்சுப் பேச முடியாது.