மேசைப் பேனாத் தாங்கியின் வரலாறு

ஒரு கருவியின் வடிவம் அதனை ஆக்கினோன் விருப்பத்தால் மட்டும் அமைவதன்று. அது நீக்க வந்த குறையே அதற்கு வடிவம் தருவது. இவ்வுண்மைக்கு, அலுவலக மேசைகளில் அழகுப்பொருளாய் வாளா வீற்றிருக்கும் பேனாத் தாங்கியே தக்க சான்றாம். சலவைக்கற் பீடமும், அதன்மேற் சாய்ந்த கூம்புக் குழலும், குழலிற் செருகிய நீண்ட வாலுடைய பேனாவும் ஆடம்பரத்திற்கென்றே பிறந்தன எனப் பலர் கருதுகின்றனர். அது பொருந்தாது. அவ்வுறுப்புகள் மையினால் எழுதுவோர்க்கு நேர்ந்த இடர்களை ஒவ்வொன்றாக நீக்க எழுந்தனவே. அவ்வரலாற்றை அன்பர்கள் முன் சுருங்க உரைக்கப் புகுகின்றேன்.

இறகினால் எழுதிய காலத்தில் மேனாட்டார்க்கு மைக்கூடும், இறகு செருகும் கூடும், ஈரம் உலர எழுத்தின்மேல் தூவும் பொடிக்குப்பியும் வேண்டியிருந்தன. இம்மூன்றையும் ஒரு தட்டில் அமைத்ததே பழைய மைத்தாங்கி. பென்சில்வேனியச் சட்டசபைக்காகப் பிலடெல்பியாவின் வெள்ளித் தொழிலாளர் பிலிப் சிங் என்பார் 1752-ஆம் ஆண்டில் ஒன்று இயற்றினார். 1776-இல் அமெரிக்க விடுதலைச் சாசனத்திலும், 1787-இல் அந்நாட்டு அரசியலமைப்பிலும் பேராளர்கள் கையொப்பமிட்ட காலை மை ஈந்தது அத்தாங்கியே. அஃது இன்றும் அந்நகரிற் போற்றப்படுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துத் தொழிற்சாலைகள் எஃகு நிப்புகளை மலிவாகச் செய்து குவித்தன. இறகு சீவும் துன்பம் ஒழிந்தது. ஆயினும் மை தொட்டுத் தொட்டு எழுதும் தொல்லை ஒழிந்திலது. ஆதலின் மைத்தாங்கியும் மேசையை விட்டு அகலவில்லை.

அதனை அகற்ற வந்தது ஊற்றுப்பேனா. லூயிஸ் எட்சன் வாட்டர்மன் என்பார் 1884-இல் தம் பேனாவிற்குக் காப்புரிமை பெற்றார். விஸ்கான்சின் மாகாணத்து ஜேன்ஸ்வில் நகரில் தந்தித்தொழில் கற்பித்த ஆசிரியராகிய ஜார்ஜ் பார்க்கர், தம் மாணாக்கருக்குத் தாம் விற்ற பேனாக்கள் ஒழுகக் கண்டு, அவற்றைச் செப்பனிட்டுச் செப்பனிட்டுக் கைதேர்ந்து, 1888-இல் தாமே ஒரு தொழில் நிலையம் கண்டார். ஆசிரியர் ஒருவர் மாணாக்கர் குறை தீர்க்கப் புகுந்து உலகம் அறிந்த பேனாத் தொழிலுக்கு வித்திட்டமை நம்மனோர்க்கு மகிழ்ச்சி தருவதாம்.

நிற்க. ஊற்றுப்பேனா சட்டைப்பைக்கு உகந்ததாயினும் மேசைக்கு முற்றும் உகந்ததன்று. நாள் முழுதும் கையொப்பமிடுவோர் ஒவ்வொரு முறையும் இருகையாலும் மூடியைத் திருகித் திறத்தல் வேண்டும். திறந்தே வைப்பின் நிப்பில் மை உலர்ந்துவிடும். இவ்விடரைத் தீர்க்க முற்பட்டோருள் முதன்மையானவர் அயோவா மாகாணத்துப் போர்ட் மாடிசன் நகரில் அணிகலன் வாணிகம் செய்த வால்டர் ஷேபர் என்பார். நெம்புகோலால் மை நிரப்பும் முறைக்கு 1908-இற் காப்புரிமை பெற்ற இவருடைய நிலையம், 1920-ஆம் ஆண்டுகளின் நடுவில் மேசைப் பேனாத் தொகுதிகளை விற்கலாயிற்று. பார்க்கர் முதலிய பிறரும் அவ்வழியே சென்றனர்.

இதன் அமைப்பு நுட்பம் வாய்ந்தது. பீடத்திலுள்ள குழலே பேனாவின் மூடியாகும். அதனுள் நிப்பைச் சூழ்ந்து நிற்கும் சிற்றறை காற்றைத் தடுத்து ஈரத்தைக் காக்கும். பேனா நிப்புக் கீழ்நோக்கிச் சாய்ந்திருத்தலால் மை பின்வாங்காது. எடுத்த நொடியே எழுதும். எழுதுவோர் பக்கம் திருப்பிக்கொள்ளுமாறு குழலைச் சுழலும் மூட்டின்மேல் அமைத்தனர். நீண்ட வால் ஒரு கையாலேயே பற்றி எடுக்க உதவும். பழைய இறகின் சாயலையும் நினைவூட்டும். அன்றியும் சட்டைப்பையில் அடங்காமையால் பேனா பிறர் பையிற் புகுதலையும் தடுக்கும்! பேனா இழுக்குந்தோறும் உடன் நகராதிருத்தற்கே பீடத்தைச் சலவைக்கல், ஓனிக்ஸ் கல், வெண்கலம் முதலிய கனத்த பொருள்களாற் செய்தனர். பிற்பாடு அதன்மேற் கடிகாரமும் விலங்குருவங்களும் ஏறின. பெயர்த்தகடு பதித்துப் பிரிவுபசாரப் பரிசாக வழங்கும் வழக்கமும் பரவிற்று.

வங்கிகளுக்கும் விடுதிகளுக்கும் எஸ்டர்புரூக் நிலையத்தார் வேறொரு வகை கண்டனர். அதிற் பீடமே மைக்கலம். பேனாவின் நுனி மையிலேயே தங்கியிருந்து, எடுக்கும்போது பல வரிகளுக்குப் போதிய மையை ஏந்திவரும். பொதுமக்கள் பலர் கையாள அது ஏற்றதாயிற்று.

1945 அக்டோபர் 29-ஆம் நாள் நியூயார்க்கில் பந்துமுனைப் பேனா 12.50 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. அதன் குழம்பு மை நுனியில் எளிதில் உலராது. ஆதலின் மூடியும் வேண்டா, குழலும் வேண்டா. தீர்க்கவேண்டிய குறை ஒழியவே, தாங்கி பயனிழந்து பெருமையின் சின்னமாக மட்டும் எஞ்சிற்று. ஷேபரின் போர்ட் மாடிசன் தொழிற்சாலையும் 2008-இல் மூடப்பட்டது.

இவற்றை யான் முன்னரே அறிந்திருப்பின் ஒரு பிழை செய்திரேன். எம் பாட்டனார் ஆசிரியப்பணியினின்று ஓய்வுற்ற ஞான்று மாணாக்கர் அளித்த தாங்கியொன்று எம் இல்லத்தில் உளது. உறைந்த மையைக் கரைக்கும் விரைவில் அப்பேனாவை வெந்நீரில் இட்டேன். எபனைட்டாலாகிய அதன் கருமை ஒரு நாழிகைக்குள் மங்கிப் பழுப்பாயிற்று. ஐம்பதாண்டு அவர் காத்ததை யான் ஒரு நாழிகையிற் கெடுத்தேன்.

ஆதலின் நம் இல்லங்களில் முன்னோர் விட்டுச்சென்ற இத்தகைய பொருள் இருப்பின், பழம்பொருளென்று எடைக்குப் போடாதீர்கள். தண்ணீரிலேயே பேனாமுனையை ஓரிரவு ஊறவிட்டுப் பொறுமையாகக் கழுவுங்கள். ஸ்பிரிட்டு முதலியன தொடற்க. பெயர்த்தகட்டை எழுத்து மறையத் தேய்க்காதீர்கள். அது யாருடையது, எதன்பொருட்டு எவர் அளித்தனர் என்பதை இல்லத்து முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதி, பீடத்தின் அடியில் ஒட்டிவையுங்கள். எம் பாட்டனார் தாங்கியின் அடியில் அங்ஙனம் எழுதி ஒட்டியபின்னரே என் மனம் ஒருவாறு அமைந்தது.