கைத்தொழிலும் காட்சிமேடையும்: 1886 இலண்டன் கண்காட்சியில் ஆக்ராச் சிறைக் கைவினைஞர்

ஆய்வுச் சுருக்கம்

கைவினைஞர் பார்வையாளர் முன்னிலையில் அமர்ந்து தம் தொழிலைச் செய்துகாட்டுவது இன்றைய கலைவிழாக்களில் இயல்பானதொரு கூறாகிவிட்டது. இவ்வழக்கத்தின் காலனிய முன்வரலாற்றை, 1886ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற காலனிய-இந்தியக் கண்காட்சியை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அங்கே பரம்பரைக் கைவினைஞராக முன்னிறுத்தப்பட்டோருள் பெரும்பாலோர் ஆக்ரா மத்தியச் சிறையில் தொழில் பயின்றவர்கள். செய்முறை முழுவதும் கண்முன் நிகழ்ந்தபோதும், தொழில் கற்ற சூழல் பார்வையாளருக்கு மறைந்தே இருந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச் சொற்கள்: நேரடிச் செய்முறை, கைவினைஞர், காலனியக் கண்காட்சி, சிறைத்தொழில், கம்பள நெசவு.

முன்னுரை

ஒரு குடத்தைப் பேழைக்குள் வைத்துக் காட்டுவதும், குயவரை அமர்த்திச் சக்கரத்தைச் சுழற்றச் செய்து காட்டுவதும் ஒன்றல்ல. முன்னதில் பொருள் மட்டுமே காட்சிக்கு வருகிறது. பின்னதில் உடலும் காட்சிக்கு வந்துவிடுகிறது. கைவினை குறித்த தமிழ்க் கட்டுரைகள் பலவும் நேரடிச் செய்முறையைக் கலையைக் காக்கும் வழியாகவே கொண்டு மேற்செல்கின்றன. அது எங்கே, யாரைக் கொண்டு, யார் பொருட்டுத் தொடங்கியது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. 1851இல் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சிக்கு இந்தியாவிலிருந்து சென்ற துணியும் நகையும் தந்தவேலைப்பாடும் பெரும் வரவேற்பைப் பெற்றன. அவற்றைச் செய்தவர்களையே கொண்டுவந்து காட்டலாம் என்னும் எண்ணம் 1880களில்தான் வணிக முயற்சியாகவும் அரசு முயற்சியாகவும் உருப்பெற்றது.

பேட்டர்சீயில் ஒரு குளிர்காலம்

முதலில் முயன்றவர் வணிகர். கீழைநாட்டுத் துணி விற்பனையில் புகழ்பெற்றிருந்த ஆர்தர் லேசன்பி லிபர்ட்டி, 1885ஆம் ஆண்டின் இறுதியில் நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியரை வரவழைத்து, பேட்டர்சீ பூங்காவை ஒட்டிய ஆல்பர்ட் மாளிகையில் ஓர் 'இந்தியக் கிராமத்தை' அமைத்தார். நெசவாளர், உலோகவேலை செய்வோர், ஆட்டக்காரர் எனப் பலர் அதில் இருந்தனர். அவ்வாண்டின் குளிர் கடுமையாக இருந்தது. கட்டடத்திலோ போதிய வெப்பம் இல்லை. எதிர்பார்த்த அளவுக்குப் பார்வையாளரும் வரவில்லை. ஒப்பந்தம் மீறப்பட்டதென வந்தவர்கள் முறையிட, இலண்டனில் வாழ்ந்த இந்தியர் சிலர் அவர்களுக்காகப் பேச முன்வந்தனர். விளம்பரத்தில் அமைதியே உருவாகக் காட்டப்பட்ட கிராமத்தவர், கூலியும் குளிரும் பற்றிப் பேசத் தொடங்கியதும் அக்காட்சி நிலைகுலைந்தது. அடுத்த ஆண்டு அரசு ஏற்பாட்டில் வந்த குழுவோ அவ்வாறு எளிதில் முறையிடக்கூடிய நிலையில் இருந்தவர்களைக் கொண்டதன்று.

அரண்மனை முற்றம்

காலனிய-இந்தியக் கண்காட்சியை 1886 மே 4 அன்று தென் கென்சிங்டனில் விக்டோரியா அரசி திறந்துவைத்தார். அவ்வாண்டு நவம்பர் வரை நீடித்த இக்கண்காட்சியைக் கண்டோர் ஏறத்தாழ 55 இலட்சம் பேர். இந்தியப் பகுதியில் 'இந்திய அரண்மனை' என்றொரு கட்டுமானம் எழுப்பப்பட்டிருந்தது. குவாலியரில் செதுக்கப்பட்டு, கல்கத்தாக் கண்காட்சிக்கு (1883-84) அனுப்பப்பட்டிருந்த கல்வாயிலும் இங்கே நிறுவப்பட்டது. அரண்மனையின் முற்றத்தைச் சூழ்ந்த சிறு பட்டறைகளில் 34 பேர் நாள்தோறும் அமர்ந்து தொழில் செய்தனர். கம்பளம் நெய்வோர், சரிகைப்பட்டு நெய்வோர், செம்புவேலை செய்வோர், பொற்கொல்லர், கல்தச்சர், முத்திரை செதுக்குவோர், குயவர், இனிப்புச் செய்வோர் என அக்குழு விரிந்திருந்தது. கம்பளம் நெய்த ராம்லால் ஒன்பது வயதுச் சிறுவன். குயவர் பக்ஷிராம் 102 வயதினர் என அறிவிக்கப்பட்டார்.

அரண்மனையும் அதன் முற்றத்தில் அரசருக்காக உழைக்கும் கைவினைஞரும் சேர்ந்து ஒரு கதையைச் சொல்லின. பழைய இந்திய அரசவைகளில் இவ்வாறுதான் தொழில் நடந்தது, இவர்கள் அம்மரபின் வழித்தோன்றல்கள் என்பதே அக்கதை. இதற்குக் கருத்தியல் அடித்தளம் ஏற்கெனவே இருந்தது. ஜார்ஜ் பேர்ட்வுட் 1880இல் வெளியிட்ட இந்தியத் தொழிற்கலைகள் பற்றிய நூல், ஊர்க்குயவரையும் நெசவாளரையும் காலமாற்றம் தீண்டாத கிராமத்தின் அடையாளங்களாகப் போற்றியது. தொழிற்புரட்சியின் புகையில் சலித்திருந்த ஆங்கிலப் படிப்பாளருக்கு அச்சித்திரம் இனித்ததில் வியப்பில்லை.

சிறையில் பயின்ற தொழில்

இக்குழுவைத் திரட்டி அழைத்துவந்தவர் மருத்துவர் ஜான் வில்லியம் டைலர். அவர் ஆக்ரா மத்தியச் சிறையின் கண்காணிப்பாளர். பட்டறைகளில் அமர்ந்திருந்தோருள் பெரும்பாலோர் அச்சிறையில் அடைபட்டிருந்தவர்கள். சீர்திருத்தம் என்னும் பெயரில் அங்கேயே தொழில் கற்பிக்கப்பட்டவர்கள். ஆக்ராச் சிறைக் கம்பளங்கள் ஏற்றுமதிச் சந்தையில் முன்பே பெயர்பெற்றவை. வின்ட்சர் அரண்மனையின் வாட்டர்லூ கூடத்தில் விரிக்கப்பட்ட மாபெரும் கம்பளமும் அச்சிறைவாசிகள் நெய்ததே.

சிறைத்தொழில் சிறிய அளவினதன்று. பஞ்சாபிலும் ஐக்கிய மாகாணப் பகுதிகளிலும் மட்டுமன்றிச் சென்னை மாகாணத்திலும் அது பரவியிருந்தது. வேலூர்ச் சிறையிலும் கம்பளம் நெய்யப்பட்டது. ஐயம்பேட்டை, வாலாஜாபேட்டை முதலிய ஊர்களில் குடும்பத் தொழிலாக நெசவு செய்தோர் இருந்த அதே மாகாணம் இது. சிறைக்குக் கூலிச்செலவு இல்லை. தறிக்கு ஆள் குறைவதும் இல்லை. வெளியே இருந்த நெசவாளரால் அவ்விலைக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. பேர்ட்வுட்டே தம் நூலில் சிறைக் கம்பளங்களைக் கடுமையாகச் சாடியுள்ளார். அவை வழிவழி வந்த நெசவையும் அதன் வடிவ ஒழுங்கையும் அழிக்கின்றன என்பது அவர் கருத்து. ஆக, அவருடைய கனவுக் கிராமத்தை இலண்டனில் நடித்துக்காட்டியவர்கள், அக்கிராமத்தை அழிப்பதாக அவரே குற்றம்சாட்டிய நிறுவனத்திலிருந்து வந்தவர்கள். இம்முரணை வெறும் ஏமாற்று என்று ஒதுக்கிவிட முடியாது. ஆறு மாதம் ஊர்விட்டு ஊர்வந்து, சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் அமர்ந்து தொழில் செய்யும் ஒழுங்கைக் காட்சிமேடை வேண்டியது. அவ்வொழுங்கு சிறையில் ஏற்கெனவே பழக்கப்பட்டிருந்தது. சிறைக்கும் காட்சிமேடைக்கும் இடையிலான தொடர்பை நிர்வாக வசதியாக மட்டும் கொள்வது போதாது. இரண்டும் உழைக்கும் உடலைக் கண்காணிப்பின்கீழ் வைக்கும் அமைப்புகள் என்பதையும் கருதவேண்டும்.

பார்த்தவரும் பார்க்கப்பட்டவரும்

இக்காட்சியை உள்ளிருந்து கண்டு எழுதியவர் திரைலோக்கியநாத் முகர்ஜி. இந்திய அரசின் சார்பில் கண்காட்சிப் பணிக்குச் சென்ற வங்காள அலுவலரான அவர், தம் ஐரோப்பியப் பயணநூலை 1889இல் வெளியிட்டார். பிற்காலத்தில் வங்க மொழியில் அங்கதப் புனைவுகளால் பெயர்பெற்றவர் என்பதை அந்நூலின் நடையிலேயே உணரலாம். பட்டறைகளின் முன் எப்போதும் நெருக்கடியாகக் கூட்டம் நின்றதையும், கம்பளக்காரர் வடிவக் குறிப்பைப் பாட்டாகப் பாடிக்கொண்டே முடிச்சிட்டதையும் அவர் பதிவு செய்கிறார். தாங்கள் என்றோ கைவிட்ட எளிய கருவிகளைக்கொண்டு இவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறார்களே என்பதுதான் ஆங்கிலேயரின் வியப்பு. அவ்வியப்பு, மனிதருக்குரிய செயலை விலங்கு செய்யக் கண்டவரின் வியப்புக்கு ஒப்பானது என்னும் பொருள்பட முகர்ஜி எழுதும் இடம், பாராட்டு எவ்வளவு எளிதில் இழிவாக மாறிவிடும் என்பதைக் காட்டுகிறது. கைவினைஞர் மட்டுமன்றி, படித்த அலுவலரான தாமும் காட்சிப்பொருளாகவே நோக்கப்பட்டதை அவர் மறைக்கவில்லை.

பாடிக்கொண்டு நெய்தல் என்பது தனியே கருதத்தக்கது. ஒருவர் நிறவரிசையைச் சொல்ல, மற்றவர் அதை வாங்கிச் சொல்லி முடிச்சிடுவர். பாட்டுப்போல் ஒலித்தது உண்மையில் வேலைக்கான கட்டளை. மொழியறியாத பார்வையாளருக்கு அது கீழைநாட்டு இசையாகவே கேட்டிருக்கும். செய்முறை எவ்வளவு அண்மையில் நிகழ்ந்தாலும் அதனைப் படிக்கும் திறவுகோல் இன்றேல் அது வெறுங்காட்சியாக எஞ்சுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பெயர் எஞ்சிய வகை

அக்கைவினைஞர் வின்ட்சருக்கு அழைக்கப்பட்டு அரசியைக் கண்டனர். அவர்களுள் சிலரை ஆஸ்திரிய ஓவியர் ருடால்ஃப் ஸ்வோபோடா அரசிக்காக வரைந்தார். பக்ஷிராமின் முகமும் ராம்லாலின் முகமும் நமக்குக் கிடைப்பது அவ்வோவியங்களால்தான். டைலருக்கும் இதனால் அரண்மனைத் தொடர்பு உறுதிப்பட்டது. அச்சிறையில் எழுத்தராக இருந்த அப்துல் கரீமை அவர்தாம் மறு ஆண்டு அரசியின் பணிக்கு அனுப்பினார். ஆனால் பக்ஷிராம் வனைந்த கலம் இன்னதென்று சுட்டும் வகையில் அவர் பெயர் எஞ்சவில்லை. முகம் கலைப்பொருளாயிற்று, கைவேலை பெயரற்றுப் போயிற்று.

அதே கண்காட்சியின் தர்பார் கூடத்தோடு இதனை ஒப்பிட வேண்டும். பஞ்சாபின் பேரா ஊரைச் சேர்ந்த முகம்மது பக்ஷ், ஜுமா என்னும் தச்சர் இருவர் அதன் மரச்சிற்ப வேலையைச் செய்தனர். பிராசி பிரபு வாங்கிய அக்கூடம் இன்று ஹேஸ்டிங்ஸ் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. செய்தவர் பெயரும் அதனோடு சேர்த்தே வழங்குகிறது. ஒரே வளாகத்தில் பணியாற்றிய இவ்விரு திறத்தாருக்கும் இடையிலான வேறுபாட்டைத் திறமையால் மட்டும் விளக்கிவிட இயலாது. தச்சரின் வேலை ஒரு முடிந்த பொருளை நோக்கியது. முற்றத்தில் இருந்தோரின் வேலையோ 'செய்துகொண்டிருத்தல்' என்பதையே பயனாகக் கொண்டது.

வாஷிங்டன், 1985

விடுதலைக்குப் பிந்தைய செய்முறைக் காட்சிகளின் நோக்கம் வேறு. புதுதில்லிக் கைவினை அருங்காட்சியகத்திலும், 1996 முதல் முட்டுக்காட்டில் இயங்கும் தட்சிணசித்ராவிலும் கைவினைஞர் தம் பெயரோடு அமர்ந்து, செய்ததைத் தாமே விற்கவும் முடிகிறது. எனினும் 1886இன் முரண் முற்றிலும் நீங்கிவிடவில்லை. 1985இல் அமெரிக்காவில் நடந்த இந்திய விழாவின் பகுதியாக, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் 'அதிதி', 'மேளா' ஆகிய காட்சிகளில் குயவர், ஓவியர் முதலியோருடன் தெருவித்தைக்காரரும் கழைக்கூத்தரும் பொம்மலாட்டக்காரரும் கலந்துகொண்டனர். அவர்களுள் தில்லியைச் சேர்ந்தோரை, ராஜீவ் சேத்தி முன்னின்று அமைத்த 'பூலே பிஸ்ரே கலாகார்' (மறக்கப்பட்ட கலைஞர்) கூட்டுறவுச் சங்கம் ஒருங்கிணைத்திருந்தது. தேசத்தின் பண்பாட்டுத் தூதராக அவர்கள் வாஷிங்டனில் வரவேற்கப்பட்ட அதே வேளையில், தில்லியில் நடைமுறையிலிருந்த 1959ஆம் ஆண்டுப் பம்பாய்ப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம், பொதுவிடத்தில் பாடியும் ஆடியும் வித்தைகாட்டியும் பொருள் பெறுவதைப் பிச்சை எனவே வரையறுத்திருந்தது. 1886இல் சிறையிலிருந்தவர் கலைஞராகக் காட்டப்பட்டனர். 1985இல் கலைஞராகக் காட்டப்பட்டவர் ஊர் திரும்பித் தம் தெருவில் அதே வித்தையைச் செய்தால் சிறைக்குரியவராயினர். பிச்சையெடுத்தலைக் குற்றமாக்கிய அச்சட்டப் பிரிவுகளைத் தில்லி உயர்நீதிமன்றம் 2018 ஆகஸ்டில்தான் செல்லாதனவாக்கியது.