டிரான்சிஸ்டர் ஆம்புக்கு வந்த கெட்ட பேரு

எலக்ட்ரிக் கிடார் வாசிக்கிறவங்க நாலு பேர் கூடியிருக்கும்போது "வீட்டுக்கு ஒரு சாலிட் ஸ்டேட் பவர் ஆம்ப் வாங்கலாம்னு இருக்கேன்"னு சொல்லிப் பாருங்க. ஒருத்தராவது உச்சுக் கொட்டுவார். "என்ன இருந்தாலும் வால்வு மாதிரி வராதுங்க" என்பார். ஏன் வராதுன்னு கேட்டா அநேகமா பதில் இருக்காது. இந்த உச்சுக்கு வயசு ஏறக்குறைய அறுபது. அது எங்க ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சுக்கிட்டா, இன்னிக்குக் கைக்காசு போட்டு வாங்கும்போது எதைப் பார்க்கணும், எதைப் பத்திக் கவலைப்பட வேண்டாம்னு தெளிவாயிடும். பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க :-)

கிடார் பக்கம் போகாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஆம்ப்ளிஃபயருக்குள்ள ரெண்டு ஆள் இருக்காங்க. ஒருத்தர் ப்ரீ ஆம்ப். கிடார்ல இருந்து வர்ற பலவீனமான சிக்னலை வாங்கி, வளர்த்து, அதுக்கு ஒரு குணம் கொடுக்கிறவர். சமையல்காரர்னு வச்சுக்கோங்க. இன்னொருத்தர் பவர் ஆம்ப். அதை எடுத்துட்டுப் போய் ஸ்பீக்கரை அசைக்கிறவர், அதாவது பந்தியில பரிமாறுறவர். வால்வு காலத்துல இந்தப் பரிமாறுறவர் சும்மா போகமாட்டார். போற வழியில அவரும் ஒரு கை உப்பு, ஒரு கை மிளகு போட்டுட்டுத்தான் போவார். ராக் இசை வளர்ந்ததே அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுத்தான்.

சரி, கதைக்கு வருவோம்.

1947 டிசம்பர்ல அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துல டிரான்சிஸ்டர் பிறந்தது. பார்டீன், பிராட்டன், ஷாக்லி மூணு பேருக்கும் 1956ல் நோபல் பரிசு. அடுத்த சில வருஷத்துல ரேடியோவுக்குள்ள புகுந்து, அந்த ரேடியோவுக்கே தன் பேரை வாங்கிக் கொடுத்துடுச்சு (நம்ம ஊர்ல டிரான்சிஸ்டர்னா இன்னிக்கும் தாத்தாவோட ரேடியோதானே!). வால்வு மாதிரி சூடேற நேரம் வேண்டாம், கண்ணாடி உடையாது, எடையும் கம்மி. அறுபதுகள்ல 'சாலிட் ஸ்டேட்' என்கிற வார்த்தைக்கு இருந்த மவுசு, இப்ப 'ஏஐ'க்கு இருக்கிற மவுசு மாதிரி.

1965 ஜனவரியில், உடம்பு சரியில்லாம இருந்த லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சிபிஎஸ் நிறுவனத்துக்கு வித்தார். புது முதலாளிகளுக்கு எதிர்காலம்னா அது டிரான்சிஸ்டர்தான். 1966ல் ஃபெண்டரின் சாலிட் ஸ்டேட் ஆம்ப்கள் வெளிவந்தன. ட்வின் ரிவெர்ப், சூப்பர் ரிவெர்ப்னு ஏற்கனவே வால்வுல பேர் வாங்கின மாடல்களோட பேரையே இதுக்கும் வச்சாங்க. பேர் ஒண்ணு, உள்ளே இருக்கிற சமாச்சாரம் வேற. கம்பெனியில நிர்வாகப் பொறுப்பில் இருந்த ஃபாரஸ்ட் வைட், இந்த ஆம்ப்கள் ஃபெண்டர் பேருக்குத் தகுதியில்லைன்னு ஒப்புதல் தர மறுத்து வேலையை விட்டே போனார். லியோவோட பல வருஷம் கூட இருந்து தொழிற்சாலையைக் கட்டி எழுப்பின மனுஷர் அவர்.

அவர் பயந்த மாதிரியே ஆச்சு. ஆம்ப்கள் பழுதாகித் திரும்பி வந்தன. அறுபதுகளின் கடைசியில் இன்னொரு வரிசையும் விட்டுப் பார்த்தாங்க, ஸ்கார்ப்பியோ, காப்ரிகார்ன், டாரஸ், லிப்ரா என்று. நம்ம பாஷையில விருச்சிகம், மகரம், ரிஷபம், துலாம். முதலைத்தோல் மாதிரி உறை வேற. ராசி பார்த்துப் பேர் வச்சும் வியாபாரத்துக்கு நேரம் சரியில்லை! 1971 வாக்கில் மொத்தக் கடையையும் மூடிட்டாங்க. கெட்ட பேரு மட்டும் தங்கிடுச்சு.

ஏன் அப்படி ஆச்சு? முதல் காரணம், அந்த சர்க்யூட் எல்லாம் ஹைஃபை உலகத்துல இருந்து வந்தது. வீட்டுல ரெக்கார்டு கேட்கிற ஆம்பை யாரும் அதன் எல்லையைத் தாண்டி முடுக்க மாட்டாங்க. கிடார்காரன் வேலையே முடுக்குறதுதான். வால்வு கொஞ்ச நேரம் கொடுமையைத் தாங்கும். அன்றைய டிரான்சிஸ்டருக்கு சூடோ கரண்டோ ஒரு கணம் எல்லை மீறினாலே ஆயுசு முடிஞ்சது. மேடையில ஸ்பீக்கர் வயர் ஷார்ட் ஆனா அதோட சரி. பாதுகாப்பு சர்க்யூட் எல்லாம் பின்னாடி வந்த ஞானம்.

ரெண்டாவது, எல்லையைத் தொடும்போது வர்ற சத்தம். வால்வு பவர் ஆம்ப் திணறும்போது அலையோட உச்சி மெல்ல மழுங்கும். நெகட்டிவ் ஃபீட்பேக் நிறைய வச்ச டிரான்சிஸ்டர் ஆம்ப் கடைசி வரைக்கும் சுத்தமா இருந்துட்டு, சட்டுனு கத்தியால சீவின மாதிரி வெட்டும். காதுல முள்ளு குத்துற மாதிரி இருக்கும். 1973 மே மாசம் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் சஞ்சிகையில் ரஸ்ஸல் ஹாம் என்பவர் இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். ஸ்டூடியோ மைக் ப்ரீ ஆம்ப்களை அளவு மீறி முடுக்கினா வால்வும் டிரான்சிஸ்டரும் எப்படி வேற வேற விதமா நடந்துக்குதுன்னு அளந்து காட்டியிருந்தார். கவனிங்க, அவர் பேசினது அளவு மீறும்போது நடக்கிறதைப் பத்தி. அதைப் படிச்சவங்க, படிக்காதவங்க எல்லாரும் சேர்ந்து 'டிரான்சிஸ்டர்னாலே மோசம்'னு சுருக்கிட்டாங்க.

மூணாவதுதான் எனக்குப் பிடிச்ச காரணம், ஏன்னா பல பேர் இதைச் சொல்றதே இல்லை. ஸ்பீக்கர் பின்னாடி 8 ஓம்னு போட்டிருக்கும். அது பாதி உண்மை. 12 இன்ச் கிடார் ஸ்பீக்கர் 100 ஹெர்ட்ஸ் பக்கத்துல பல மடங்கு ஏறும், அப்புறம் இறங்கும், மேல போகப் போக மறுபடி ஏறும். வால்வு ஆம்ப் ஸ்பீக்கரை அவ்வளவு இறுக்கமாப் பிடிக்காது. ஓம் ஏறுற இடத்துல எல்லாம் அதன் வோல்டேஜும் கூடிடும். அடியில ஒரு கும், மேல ஒரு பளபளப்பு. இதைத்தான் நாம 'உயிர் இருக்கு'ன்னு சொல்றோம். வழக்கமான டிரான்சிஸ்டர் ஆம்ப் எங்கேயும் ஒரே வோல்டேஜைக் கொடுக்கும், கண்டிப்பான வாத்தியார் மாதிரி. அதே ஸ்பீக்கர் திடீர்னு தட்டையாக் கேட்கும். இதுக்கு மருந்து பெரிய விஷயமே இல்லை. ஸ்பீக்கரோட தொடர்ல ஒரு சின்ன ரெசிஸ்டரை வச்சு, கரண்டையும் ஃபீட்பேக்கா எடுத்துக்கிட்டா டிரான்சிஸ்டரும் பிடியைத் தளர்த்தும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மார்ஷல் வால்வ்ஸ்டேட் வரிசையில் இதைத்தான் செஞ்சாங்க.

இவ்வளவு கெட்ட பேருக்கு நடுவுல சிலர் இதே டிரான்சிஸ்டரை வச்சு ஜமாய்ச்சுக்கிட்டும் இருந்தாங்க. சிசிஆர் குழுவின் ஜான் ஃபோகர்ட்டி வாசிச்சது கஸ்டம் ஆம்ப். ப்ளூஸ் மன்னர் பி.பி. கிங் விரும்பி வச்சுக்கிட்டது லேப் சீரிஸ் எல்5. 1975ல் வந்த ரோலண்ட் ஜேசி-120ல ரெண்டு ஸ்பீக்கர், ஒவ்வொண்ணுக்கும் தனியா 60 வாட். மெட்டாலிகாவின் ஹெட்ஃபீல்டே சுத்தமான ஒலிக்கு அதைத்தான் நம்பினார். இவங்க யாருக்கும் உச்சுக் கொட்ட ஆளில்லை.

அதைவிட முக்கியமானவர் கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஜெர்ரி கார்சியா. 1974ல் அந்தக் குழு 'வால் ஆஃப் சவுண்ட்'னு மேடைக்குப் பின்னாடி ஸ்பீக்கராலேயே ஒரு சுவர் எழுப்பினாங்க. அதுல கார்சியா செஞ்சது என்னன்னா, ஃபெண்டர் ட்வின் ரிவெர்பின் ப்ரீ ஆம்ப் பகுதியை மட்டும் எடுத்துக்கிட்டு, அதை மெக்கின்டாஷ் எம்சி2300 என்கிற டிரான்சிஸ்டர் பவர் ஆம்புக்கு அனுப்பி, அங்கிருந்து ஸ்பீக்கர்களுக்குக் கொடுத்தார். சேனலுக்கு 300 வாட், எடை ஐம்பது கிலோவுக்கும் மேல. சமையல் வால்வு, பரிமாறுறது டிரான்சிஸ்டர். அந்த ஆம்ப் 2021ல் மூன்றரை லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அதாவது ஃபெண்டர் தோத்துப்போன இடத்துல டிரான்சிஸ்டர் மேல எந்தத் தப்பும் இல்லை. உப்புப் போடுற வேலையை அதுக்கிட்ட கொடுத்ததுதான் தப்பு. சிந்தாமப் பரிமாறச் சொன்னா அதை அடிச்சுக்க ஆளில்லை.

1996ல் லைன் 6 கம்பெனி, ஆம்ப்களின் குணத்தைக் கணக்குப் போட்டு உருவாக்குற டிஜிட்டல் ஆம்ப் ஒண்ணைக் கொண்டுவந்தது. 1998ல் அதையே பாட் என்கிற சின்னப் பெட்டியில அடைச்சாங்க. இன்னிக்கு வீட்டுல வாசிக்கிறவங்க பலரிடம் இருக்கிற மாடலர் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள். இந்தப் பெட்டிகள் ப்ரீ ஆம்பை மட்டும் இல்ல, வால்வு பவர் ஆம்ப் போடுற உப்பு, அந்த 'கும்', பளபளப்பு எல்லாத்தையும் உள்ளேயே சேர்த்துடுது. அதுக்கு அப்புறம் ஒரு வால்வு பவர் ஆம்பை மாட்டினா உப்பு ரெண்டு தடவை விழும். உச்சுக் கொட்டுறவர் கவனிக்காதது இதைத்தான்.

இப்ப வாங்குற விஷயம். என் வீட்டுல இருக்கிறது ஒத்தை 12 இன்ச் கேபினெட், 8 ஓம். பெட்டி மேல போட்டிருக்கிற வாட் எந்த ஓமுக்குன்னு முதல்ல பாருங்க. வால்வு ஆம்புல ட்ரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் 4, 8, 16 எதுக்கு மாத்தினாலும் ஏறக்குறைய அதே வாட் கிடைக்கும். டிரான்சிஸ்டர்ல ஓம் ரெட்டிப்பானா வாட் சுமாரா பாதியாகும். சீமோர் டங்கனின் பவர்ஸ்டேஜ் 170ல அந்த 170 என்பது 4 ஓமுக்கு. என் 8 ஓம் பெட்டிக்கு அதில் பாதியளவு, 16 ஓம்னா அதிலும் பாதி.

பாதி போயிடுச்சேன்னு வருத்தப்பட வேண்டாம். செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் கத்தும். அந்தச் சத்தத்தை ஒரு நாளைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் கேட்காதீங்கன்னு அமெரிக்காவின் தொழில்நலக் கழகம் சொல்லுது. 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல். அப்புறம் எதுக்கு வீட்டுக்கு 50 வாட்? கம்பியை அழுத்தி அடிக்கிற அந்த நொடியில டிரான்சிஸ்டர் எல்லையைத் தொட்டுடக் கூடாது, அதுக்குத்தான். 8 ஓமுக்கு 50 இருந்தா அடுக்குமாடி வீட்டுக்குத் தாராளம். அதுக்கு மேல போடுற காசை ஸ்பீக்கர்ல போடுங்கன்னுதான் சொல்வேன்.

எந்த வகை என்பதுல எனக்குக் குழப்பமே இல்லை, கிளாஸ் டி. பழைய பிஏ ஆம்ப் மலிவாக் கிடைக்கும், ஆனா ஃபேன் சத்தம் ராத்திரியில கிடாரைவிடப் பெரிசாக் கேட்கும். மாடலர்ல கேபினெட் பாவனையை அணைச்சுடுங்க, பவர் ஆம்ப் பாவனையை அணைக்காதீங்க. வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இல்லாம ஓட்டக்கூடாது. டிரான்சிஸ்டர் அப்படி இருந்தா பொதுவா ஒண்ணும் ஆகாது, ஆனா குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போனா ஆபத்து. சின்ன கிளாஸ் டி பெட்டிகள் பலதுல ஸ்பீக்கரோட ரெண்டு முனையிலும் சிக்னல் இருக்கும், கறுப்பு வயர் எர்த் கிடையாது. அதனால ரெண்டு அவுட்புட்டை ஒண்ணாச் சேர்க்காதீங்க. கிடார் கேபிளை ஸ்பீக்கருக்குப் போடாதீங்க, ஸ்பீக்கர் வயர்னு தனியா இருக்கு.

ஃபெண்டர் என்ன ஆச்சுன்னு கேட்கறீங்களா? 2019ல் டோன் மாஸ்டர்னு ஒரு வரிசை விட்டாங்க. உள்ளே ஒரு வால்வு கூட இல்லை. வால்வு ட்வின் ரிவெர்ப் 85 வாட், 29 கிலோ. இதுல கிளாஸ் டி 200 வாட், 15 கிலோ. முன்னாடி இந்தப் பக்கம் ட்வின் ரிவெர்ப், அதே எழுத்து, அதே வெள்ளிக் கிரில் துணி.