ஈரல் நொதிகளும் நாட்பட்ட ஹெபடைடிஸ் சி நோயும்

ஈரலின் உயிரணுக்கள் சிதையும்போது அவற்றினுள் அடங்கியிருந்த ஏஎல்டி, ஏஎஸ்டி என்னும் நொதிகள் இரத்தத்தில் கசிந்து பெருகுமாதலின், 1989-இல் கண்டறியப்பட்ட ஹெபடைடிஸ் சி வைரஸ் நாட்பட விளைவிக்கும் சேதத்தை அறிய வைத்தியர்கள் முதலில் நாடுவது இவற்றின் அளவையே. எனினும் அந்த அளவு அன்றைய அழற்சியைக் குறிப்பதேயன்றி, ஆண்டுக்கணக்கில் படிந்த தழும்பைக் காட்டுவதன்று. ஏறி இறங்கும் இயல்பினதாகிய ஏஎல்டி, நோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சகஜ நிலையிலேயே நிற்க, அவர்களுள்ளும் சிலருக்கு ஈரல் இறுகியிருத்தல் உண்டு. ஒற்றை எண்ணை நம்பி நிம்மதி கொள்வது விவேகமாகாது. ஏஎஸ்டி ஏஎல்டியை விஞ்சுமாயின் ஈரல் இறுகிய நிலையாகிய சிரோசிஸ் சந்தேகிக்கப்படும் (மதுப்பழக்கமும் இவ்விரண்டின் விகிதத்தை உயர்த்தும்). வயது, இரத்தத் தட்டணுக்கள் ஆகியவற்றையும் இந்நொதிகளோடு சேர்த்துக் கணிக்கும் ஃபிப்-4 எண் 1.45-க்குக் குறைந்தால் முதிர்ந்த தழும்பு பெரும்பாலும் இல்லை, 3.25-ஐக் கடந்தால் உண்டென ஐயுறலாம்.