வழிநூலும் நகலும்: ஒசூர் இருசக்கர வாகனத் தொழிலில் வடிவாக்க உரிமை – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒருவர் படைத்ததைக் கண்டு மற்றொருவர் படைக்கும்போது கற்றல் எங்கு முடிகிறது, களவு எங்குத் தொடங்குகிறது என்னும் வினா தமிழ் இலக்கண மரபுக்குப் புதிதன்று. முதல்நூலின் பொருளை ஏற்றுத் தனக்குரிய வேறுபாட்டையும் சேர்ப்பதே வழிநூல் என நன்னூல் வகுத்தது. இதே வினா இயந்திரங்களைப் பொறுத்து ஒசூரில் எழுந்தது. ஒசூர், கிருஷ்ணகிரிப் பகுதியின் இருசக்கர வாகனத் தொழில், பிறர் வடிவாக்கத்தை அணுகிய மூன்று முறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

உரிமம்வழிக் கற்றல்

ஒசூரில் 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் உற்பத்தி தொடங்கியது. 1982இல் ஜப்பானின் சுசுகி நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டு, 1984இல் இண்ட்-சுசுகி வண்டிகள் வெளிவந்தன. இங்குப் பிறர் வடிவம் ஒப்பந்தத்தின் பேரில் பெறப்பட்டதால் களவு என்ற பேச்சுக்கு இடமில்லை. 2001இல் இக்கூட்டு முறிந்தது. அவ்வாண்டே சொந்த முயற்சியில் உருவான விக்டர் விற்பனைக்கு வந்தது.

பிளேம் வழக்கு

2007இல் டி.வி.எஸ். அறிமுகப்படுத்திய 125 சிசி பிளேம் வண்டியின் எஞ்சினில் மூன்று வால்வுகளும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளும் இருந்தன. சிறு எஞ்சினில் இரட்டைப் பிளக்குகளைப் பொருத்தும் முறைக்கு பஜாஜ் ஆட்டோ 2002இல் விண்ணப்பித்து, 2005இல் காப்புரிமை (எண் 195904) பெற்றிருந்தது. வெளித்தோற்றத்தை மட்டுமே காக்கும் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் இயங்குமுறையை விலக்குவதால், பூசல் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின்கீழ் சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தது. தன் எஞ்சின் ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத் தொழில்நுட்பத்தைச் சார்ந்தது என்றும், இரட்டைப் பிளக்கு முன்பே அறியப்பட்டது என்றும் டி.வி.எஸ். வாதிட்டது.

2008 பிப்ரவரியில் தனி நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். அதன்பின் ஒற்றைப் பிளக்குடன் பிளேம் சந்தைக்கு வந்தது. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அத்தடையை நீக்கியது. ஒரே காப்புரிமை ஆவணத்தை இரு அமர்வுகள் இருவிதமாக வாசித்தன. மூன்றாம் வால்வு வழிநூலாசிரியனின் வேறுபாடா, முதல்நூலை மறைக்கும் திரையா என்பதே உள்ளுறை வினா எனலாம். 2009 செப்டம்பரில் உச்சநீதிமன்றம், விற்பனைக் கணக்கைப் பேணும் நிபந்தனையுடன் டி.வி.எஸ். விற்கலாம் என்றும், மூல வழக்கை நவம்பர் 30க்குள் முடிக்க வேண்டும் என்றும் பணித்தது. ஆனால் 2019 அக்டோபரில் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டதால்தான் வழக்கு முடிந்தது.

விலைவழிப் பெறல்

மூன்றாம் முறைக்கு ஓலா எலக்ட்ரிக் சான்று. 2020இல் நெதர்லாந்தின் எடெர்கோ நிறுவனத்தை வாங்கிய அது, அதன் ஸ்கூட்டரை அடிப்படையாகக் கொண்ட எஸ்1 வண்டியை 2021இல் வெளியிட்டது. இதன் ஆலை கிருஷ்ணகிரி மாவட்டப் போச்சம்பள்ளியில் உள்ளது. தோற்ற ஒற்றுமை இங்கு வெளிப்படை; உரிமை கைமாறிவிட்டதால் அது குற்றமாகவில்லை.

முடிவுரை

இம்மூன்றையும் ஒப்பிட, நகலையும் வழிநூலையும் பிரிப்பது ஒற்றுமையின் அளவு மட்டுமன்று என்பது புலனாகிறது. முதலாசிரியரின் இசைவும், பின்னவர் சேர்த்ததன் தன்மையும் சேர்ந்தே அதனை முடிவு செய்கின்றன. முதலாவதை ஒப்பந்தம் காட்டும். இரண்டாவதை எடைபோட முழு விசாரணை தேவை. காப்புரிமையின் ஆயுள் 20 ஆண்டுகள்; அவற்றுள் 12 ஆண்டுகள் இவ்வழக்கிலேயே கழிந்தன. இடைக்கால ஆணைகளே வண்டியின் வடிவத்தை மாற்றின. இறுதித் தீர்ப்பு எழுதப்படவே இல்லை. சமரசம் இரு நிறுவனங்களுக்கும் அமைதி தந்திருக்கலாம். ஆனால் எவ்வளவு வேறுபாடு போதும் என்று அறிய விரும்பும் ஒசூரின் சிறு வடிவாக்குநருக்கு அது எந்த விடையையும் விட்டுச்செல்லவில்லை.