மாலைக்கண்ணும் ஈயின் கண்ணும்



பொழுது சாய்ந்து, கொட்டாஞ்சேனைத் தெருக்களில் விளக்கேற்றும் வேளை. பகலெல்லாம் ஓடியாடிய பிள்ளையொன்று அந்நேரத்தில் மாத்திரம் சுவரைத் தடவிக்கொண்டு நடக்குமாயின், நம் பாட்டிமார் அதனை உடனே இனங்கண்டுகொள்வர். 'மாலைக்கண்' என்று பெயர் சொல்லி, 'கீரை கொடு, ஈரல் கொடு' என்பர். பகலிற் காணும் கண் அந்தியில் ஏன் காணவில்லை? இதற்கு விடை தேடிய அறிஞர், தவளையின் கண்ணுக்குள்ளும் ஈயின் கண்ணுக்குள்ளும் புகுந்து பார்க்க வேண்டியதாயிற்று. அந்த வரலாற்றிலே நம் கொழும்பு மாநகருக்கும் ஓர் இடம் உண்டு.

1876ஆம் ஆண்டில், உரோமாபுரியிற் பணியாற்றிய பிரான்ஸ் போல் என்னும் ஜேர்மானிய அறிஞர், இருளில் வைத்திருந்த தவளையின் விழித்திரையைப் பிரித்தெடுத்தார். அது செந்நிறமாயிருந்தது, வெளிச்சம் பட்டதும் அந்நிறம் வெளிறி மறைந்தது. ஒளி கண்ணுக்குள்ளே ஒரு பொருளை மாற்றுகின்றது என்பதற்குக் கிடைத்த கண்கண்ட சான்று அது. அடுத்த சில ஆண்டுகளில் ஹைடல்பேர்க் நகரில் வில்லி கூனே என்பவர் அச்செம்பொருளைக் கரைத்துத் தனியே எடுத்தார். ரொடொப்சின் என்பது அதன் பெயர்.

நமது ஒவ்வொரு விழித்திரையிலும் ஏறக்குறைய 12 கோடி கோற்கலங்களும், 60 இலட்சம் கூம்புக்கலங்களும் உள்ளன. கூம்புகள் பகலொளியில் நிறங்களைக் காட்டுவன. கோல்கள் மங்கிய ஒளியில் உதவுவன. ரொடொப்சின் இருப்பது இக்கோல்களிலேயே. ஆதலால் அப்பொருள் குறையுமாயின் முதலில் கெடுவது அந்திப் பார்வை.

அப்பொருள் எதனால் ஆனது? இங்கே 1933ஆம் ஆண்டினை நினைவிற்கொள்ள வேண்டும். பொரளையில் இன்றுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் முன்னோடியான பக்டீரியவியல் நிலையத்துக்கு அக்காலத்திற் பணிப்பாளராயிருந்தவர் லூசியஸ் நிக்கல்ஸ். ஊட்டக்குறைவால் வாடியோரின் தோல் தேரையின் தோல்போலச் சொரசொரப்பாவதை அவர் அவ்வாண்டில் விவரித்தார். அது உயிர்ச்சத்துக் குறைவின் விளைவு என்றார். மறு ஆண்டில், இலங்கையில் உயிர்ச்சத்து 'ஏ' குறைவுபற்றிய ஆய்வொன்றையும் வெளியிட்டார். அத்தோல்நோய்க்கு வேறு சத்துக்களின் குறைவும் காரணமாகலாம் எனப் பின்வந்தோர் கண்டனர். ஆயினும், இந்நாட்டு ஏழை மக்களின் உணவிலே குறையிருக்கின்றது என்பதை மருத்துவ உலகின் முன் வைத்தவர் அவர்.

அதே 1933இல், ஐரோப்பாவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜோர்ஜ் வோல்ட் என்னும் அமெரிக்க இளைஞர், விழித்திரையிலே உயிர்ச்சத்து 'ஏ' இருப்பதைக் கண்டுபிடித்தார். ஒருவர் சத்துக்குறை உடலிற் பதிக்கும் அடையாளத்தைக் கண்டார். மற்றவர் அச்சத்துக் கண்ணிலே உறைவதைக் கண்டார். வோல்ட் 1967இல் நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்டார். ரொடொப்சின் என்பது ஒரு புரதமும், உயிர்ச்சத்து 'ஏ'யிலிருந்து பிறந்த ரெட்டினால் என்னும் சிறு மூலக்கூறும் சேர்ந்த கூட்டு. வளைந்திருக்கும் ரெட்டினால், ஒளி பட்டதும் நிமிர்கின்றது. அந்த நிமிர்வே பார்வையின் முதற்படி.

இனி ஈயைப் பாருங்கள். அதன் கண்ணொன்றிலே ஏறக்குறைய 3000 சிறுகண்கள் உள. ஒவ்வொன்றிலும் எட்டு ஒளியுணர் கலங்கள் அமைந்துள்ளன. அமைப்பில் நம் கண்ணுக்கும் அதற்கும் ஒற்றுமையே இல்லை. தொழிற்படும் முறையும் நேர்மாறானது. நமது கோற்கலத்திலே இருளில் இடையறாது மின்னோட்டம் உண்டு. ஒளி வந்ததும் அது குறைகின்றது. ஈயின் கலத்திலோ ஒளி வந்த பின்னரே மின்னோட்டம் எழுகின்றது. எனினும் ஒளியைப் பற்றும் பொருள் இரண்டிலும் ஓரினத்தது. 1964இல் அமெரிக்க ஆய்வாளர், கரட்டின் வகைப் பொருள்கள் இல்லாத உணவை ஊட்டி வீட்டு ஈக்களை வளர்த்தனர். அவற்றின் கண்களும் ஒளியுணரும் ஆற்றலிற் பெரிதும் குன்றின. ஈக்கும் மாலைக்கண் உண்டு என்று நாம் சொல்லலாம்!

நேயர்களே, ரெட்டினாலை வெறுமையிலிருந்து ஆக்கும் வல்லமை ஈக்கும் இல்லை, நமக்கும் இல்லை. அதன் மூலப்பொருளைத் தாவரங்களே பெரும்பாலும் ஆக்கித் தருகின்றன. மீனின் ஈரலிலும் முட்டையிலும் அது இருப்பதும் தாவரங்களின் வழியாக வந்ததே. வெள்ளவத்தைச் சந்தையிலே கட்டுக்கட்டாய்க் கிடக்கும் முருங்கையிலையும் பொன்னாங்காணியும் அம்மூலப்பொருளைத் தாங்கியவை. சிறிது எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்த்துச் சமைத்தால், உடல் அதனை நன்கு ஏற்றுக்கொள்ளும்.

மாலைக்கண் முதல் எச்சரிக்கை மாத்திரமே. அதனைப் பொருட்படுத்தாது விட்டால், கண்ணின் முன்படலம் உலர்ந்து, புண்ணாகி, பகற்பார்வையும் போய்விடக்கூடும். அப்படிப் போனது மீள்வதரிது. ஆகவே, அந்தியிலே தடுமாறும் பிள்ளையைக் கண்டால் கவனக்குறைவென்று கடிந்துகொள்ளாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பாட்டியின் கீரைச் சட்டிக்கும் ஆராய்ச்சிச்சாலையின் கண்ணாடிக் குழாய்க்கும் இடையே இருந்த தூரம் 1933இலேயே குறைந்துவிட்டது. அதன் பயன் நம் வீட்டுப் பிள்ளைகளின் கண்களுக்குக் கிட்டுவது நம் கையிலேயே இருக்கின்றது.