நெருப்பைச் சுமந்து போன ரயில்

1900-ஆம் ஆண்டு, கனடாவின் ஒன்டாரியோ மாகாண அரசு தன் வடக்குக் காடுகளுக்குப் பத்து ஆய்வுக் குழுக்களை அனுப்பியது. பாறையும் ஏரியும் ஊசியிலை மரமும் தவிர அங்கே ஒன்றுமில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். திரும்பி வந்தவர்கள் வேறு சொன்னார்கள். பாறைகளைத் தாண்டிப் போனால் களிமண் பூமி இருக்கிறது, சுமார் 1.6 கோடி ஏக்கர், உழுதால் விளையும் என்றார்கள். அரசியல்வாதிகளுக்கு இது போதாதா? தனியார் கம்பெனி எதுவும் அந்தக் காட்டில் பணத்தைப் போட முன்வராத நிலையில், மாகாண அரசே ஓர் ஆணையம் அமைத்து ரயில் பாதை போடுவதென்று முடிவு செய்தது. 1902-இல் நார்த் பே நகரத்துக்கு அருகே வேலை தொடங்கியது. பெயர் மட்டும் ரயிலைவிட நீளம்: டெமிஸ்காமிங் அண்டு நார்தர்ன் ஒன்டாரியோ ரயில்வே.

கனடியன் பசிபிக் போன்ற ராட்சதர்களுக்குப் பக்கத்தில் இது ஒரு சுண்டைக்காய். 1908-இல் பாதை காக்ரேன் வரை போய்ச் சேர்ந்தபோதும் பிரதான வழி சுமார் 405 கிலோமீட்டர்தான். ஆனால் நான் படித்த ரயில் வரலாறுகளில் இவ்வளவு நெருப்பைப் பார்த்த சின்ன ரயில்வே வேறு இல்லை.

நெருப்புக்கு முன்னால் வெள்ளியைப் பார்ப்போம். பாதை போட ஸ்லீப்பர் கட்டை வேண்டும், கட்டைக்கு மரம் வேண்டும். 1903 ஆகஸ்டில் மரம் தேடிக் காட்டுக்குள் போன ஜேம்ஸ் மெக்கின்லி, எர்னஸ்ட் டாரா என்ற இருவர் லாங் லேக் என்ற ஏரிக் கரையில் மின்னும் கல்லைப் பார்த்தார்கள். சோதித்துப் பார்த்தால் வெள்ளி! அடுத்த மாதமே, அதே ஏரிக்குப் பக்கத்தில் ரயில் ஒப்பந்தக்காரர்களிடம் வேலை பார்த்த கொல்லர் ஃப்ரெட் லரோஸ் இன்னொரு இடத்தில் தாதுவைக் கண்டார். அவர் அதைச் செம்பு என்றுதான் நினைத்தார். நரி ஒன்று எட்டிப் பார்த்ததாம், அவர் சுத்தியலை எறிந்தாராம், அது பாறையில் பட்டு வெள்ளி பளிச்சிட்டதாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது, நம்பத்தான் முடியவில்லை. புதையல் கிடைத்த ஊர்களில் எல்லாம் ஏதாவது ஒரு பிராணி வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது.

மாகாணத்தின் நிலவியலாளர் வில்லெட் மில்லர் அந்த ஆண்டின் இறுதியில் நேரில் வந்து பார்த்தார். வெள்ளியோடு கோபால்ட் தாதுவும் கலந்து கிடந்ததால், வரப்போகிற ரயில் நிலையத்துக்கு கோபால்ட் என்று அவரே பெயர் வைத்தார். நார்த் பேயிலிருந்து 103-ஆவது மைலில் பலகை நடப்பட்டது. அதைச் சுற்றி ஓர் ஊர் முளைத்தது. 1911-இல் மட்டும் அந்த வட்டாரத்திலிருந்து 3 கோடி அவுன்சுக்கு மேல் வெள்ளி வெளியே போனது. ரயில் பாதைக்கு அடியிலேயே வெள்ளி நரம்பு ஓடியதால், தண்டவாளத்துக்குக் கீழே தோண்டும் உரிமையைக்கூட ஆணையம் குத்தகைக்கு விட்டது. ரைட் ஆஃப் வே என்ற பெயரில் அதற்கென்றே ஒரு சுரங்கக் கம்பெனி இருந்தது. விவசாயிக்காகப் போட்ட பாதை இப்படி விதி மாறிப் போனது.

இதில் கணக்கில் வராதவர்களும் உண்டு. டெமாகமி ஏரியைச் சுற்றி வாழ்ந்த பழங்குடி மக்களின் நிலத்துக்குக் குறுக்கேதான் பாதை போனது. தாங்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டு நிலத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்று அவர்கள் நூறாண்டுக்கு மேலாகச் சொல்லி வருகிறார்கள். அந்த வழக்கு ஒரு தனித் தொடருக்கான விஷயம்.

இனி எஞ்சின்களுக்கு வருவோம். ஆரம்ப காலத்தில் இங்கே ஓடியவற்றில் முக்கியமானது டென்வீலர் என்ற பத்துச் சக்கர வகை. முன்னால் நான்கு சின்னச் சக்கரங்கள், அவற்றுக்குப் பின்னால் இழுவைக்கு ஆறு பெரிய சக்கரங்கள். பாசஞ்சர், கூட்ஸ் இரண்டையும் இழுக்கும். தாது ஏற்றிய கனமான கூட்ஸ் வண்டிகளுக்குக் கன்சாலிடேஷன் என்ற வகை வந்தது. முன்னால் இரண்டே சின்னச் சக்கரங்கள், இழுக்க எட்டு. வேகம் கொஞ்சம் குறைவு, பிடி அதிகம். மான்ட்ரியாலிலும் கிங்ஸ்டனிலும் இருந்த தொழிற்சாலைகளே இவற்றுக்குப் பிறந்த வீடு.

ஒன்டாரியோவில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. எஞ்சினுக்கு வேண்டிய கரி அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். தண்ணீருக்குப் பஞ்சமில்லை, திரும்பிய பக்கமெல்லாம் ஏரிதான். ஆனால் குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை இறங்குகிற ஊர் அது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் அடுப்பு மூட்டிப் பனிக்கட்டி ஆகாமல் காக்க வேண்டும். பாய்லருக்குத் தண்ணீர் போகும் குழாய் உறைந்தால் வண்டி நின்றுவிடும். எஞ்சின் விடுகிற நீராவி குளிரில் வெள்ளைச் சுவராகக் கெட்டிப்பட்டு, டிரைவருக்கு முன்னால் இருக்கும் சிக்னலையே மறைத்துவிடும்.

குளிர்காலத்தில் எஞ்சினுக்கு ஆபத்து என்றால், கோடையில் எஞ்சினே ஆபத்து. கரி எஞ்சின் எப்படி மூச்சுவிடுகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். சிலிண்டரில் வேலை முடிந்த நீராவி வீணாக வெளியே போவதில்லை. முன்பக்கப் புகைப்பெட்டிக்குள் ஒரு குழாய் வழியாகப் புகைபோக்கியை நோக்கிப் பீறிட்டு அடிக்கும். நாம் கேட்கும் ‘குப்... குப்...’ சத்தம் அதுதான். அந்த வேகத்தில் பின்னால் இருக்கும் ஃபயர்பாக்ஸிலிருந்து காற்றும் அனலும் இழுபடும், நெருப்பு கொழுந்துவிட்டு எரியும். பாரம் கூடக் கூட மூச்சும் கூடும், மூச்சு கூடக் கூட நெருப்பும் கூடும். அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த இழுப்பில் பாதி எரிந்த கரித்துண்டுகளும் சேர்ந்து பறந்து புகைபோக்கி வழியே வெளியே விழும். கரி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் கண்ணில் விழுந்தது ஆறிப்போன தூள். ஏற்றத்தில் முக்கிக்கொண்டு ஏறும் கூட்ஸ் எஞ்சின் துப்புவது சிவந்த கங்கு.

இதைத் தடுக்கப் புகைப்பெட்டிக்குள் கம்பி வலை வைப்பார்கள். வலைக்கண் பெரிதாக இருந்தால் கங்கு தப்பிவிடும். சிறிதாக இருந்தால் கரித்தூள் அடைத்துக்கொண்டு எஞ்சினுக்கு மூச்சு முட்டும், நீராவி அழுத்தம் இறங்கும், வண்டி ஏற்றத்தில் நின்றுவிடும். நின்றால் திட்டு விழுவது டிரைவருக்கும் ஃபயர்மேனுக்கும். வலையில் ஓட்டை விழுந்தால் அவர்களுக்கு லாபம்தான், ஷெட்டில் யாராவது பார்க்கும்வரை. புகைபோக்கி போதாதென்று அடியில் சாம்பல் தட்டும் உண்டு. அது சரியாக மூடாவிட்டால் கங்குகள் நேரே மரக்கட்டை ஸ்லீப்பர் மேலேயே விழும். பாதையின் இருபுறமும் வெட்டிப் போட்ட மரக்கிளைகள் காய்ந்து கிடக்கும். அதற்கு அப்பால் பிசின் நிறைந்த காடு.

குற்றம் முழுவதையும் எஞ்சின்மேல் போட்டால் பாவம். ரயில் கொண்டுவந்து இறக்கிய குடியேறிகள் நிலத்தைச் சீர்படுத்த மரத்தை வெட்டிக் குவித்துக் கொளுத்தினார்கள். தாதுவைத் தேடுகிறவர்கள் பாறை தெரிய வேண்டுமென்று செடிகொடிக்குத் தீ வைத்தார்கள். மின்னலும் தன் பங்குக்கு விழுந்தது. ஆனால் இவர்கள் எல்லோரையும் அந்தக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டது அந்த ரயில்தானே?

1911 ஜூலை 11. தங்கம் கிடைத்த போர்க்குபைன் வட்டாரத்துக்குக் கிளைப் பாதை அந்தக் கோடையில்தான் எட்டியிருந்தது. வறண்ட காற்றில் பல சிறு தீக்கள் ஒன்று சேர்ந்து ஊருக்குள் நுழைந்தன. ரயில் நிலையத்தில் நின்ற டைனமைட் பெட்டி வெடித்ததில் போர்க்குபைன் ஏரியில் பத்தடி உயரத்துக்கு அலை எழுந்தது. தீக்குத் தப்பி ஏரிக்குள் இறங்கியவர்களில் சிலர் மூழ்கினார்கள். பாதுகாப்பு என்று நம்பிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள், நெருப்பு மேலிருந்து காற்றை இழுத்துக்கொண்டதால் மூச்சுத் திணறிச் செத்தார்கள். அரசுக் கணக்கில் 73 பேர். காட்டுக்குள் தனியாகத் திரிந்த தங்க வேட்டைக்காரர்களை யார் எண்ணியது? உண்மைக் கணக்கு பல மடங்கு என்பவர்கள் உண்டு. நிவாரணப் பொருள்கள் வந்து இறங்கியதும் அதே தண்டவாளத்தில்தான்.

இந்தக் காலத்தில் ஆணையத்துக்குத் தலைவர் ஜேக்கப் எங்கிள்ஹார்ட். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பிறந்தவர், எண்ணெய் வியாபாரத்தில் பணம் பார்த்தவர், இம்பீரியல் ஆயில் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1906 முதல் 1919 வரை இந்த அரசு ரயிலை நடத்தினார். எஞ்சின் மாற்றும் இடமாக வளர்ந்த ஊருக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

போர்க்குபைன் தீக்கு ஐந்து ஆண்டு கழித்து, 1916 ஜூலை 29 சனிக்கிழமை, இன்னும் பெரிய தீ வந்தது. மாதிசன், இராகுவாய் ஃபால்ஸ், போர்க்விஸ் ஜங்ஷன், கெல்சோ, நுஷ்கா எனப் பாதையோரத்து ஊர்கள் வரிசையாக எரிந்தன. காக்ரேனும் தப்பவில்லை. எரிந்த பரப்பு ஏறக்குறைய 2,000 சதுர கிலோமீட்டர், இறந்தவர்கள் அரசுக் கணக்கில் 223 பேர். கனடாவின் காட்டுத்தீ வரலாற்றில் இதைவிட அதிகம் பேரைக் கொன்ற தீ இன்னொன்று பதிவாகவில்லை.

அன்று உயிர் தப்பியவர்களுக்கு முக்கியமாக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பிளாக் ரிவர் ஆற்றில் கழுத்தளவு இறங்கி நிற்பது. இன்னொன்று ரயில். ரோடு என்று சொல்லும்படி எதுவும் இல்லாத நாடு அது. காடும் ஊரும் ஒருசேர எரியும்போது வெளியே போகிற ஒரே கோடு தண்டவாளம். மரக்கட்டைமேல் கிடக்கும் தண்டவாளம், அதிலும் மரப்பாலங்கள். எந்த இடத்தில் கட்டை எரிந்து பாதை வளைந்திருக்கும் என்று தெரியாமல், புகைக்குள் முன்னால் எதுவும் தெரியாமல், பெட்டி நிறைய ஆட்களோடு எஞ்சினை ஓட்டிக்கொண்டு போன அந்த டிரைவர்களின் துணிச்சலுக்கு அந்த ஊர்கள் கடன்பட்டிருக்கின்றன.

எல்லோருக்கும் வண்டி கிடைக்கவில்லை. நுஷ்காவில் பாதைக்காக மண்ணை வெட்டி எடுத்திருந்த பள்ளத்துக்குள் மக்கள் ஒதுங்கினார்கள். மேலே தீ கடந்தபோது புகையும் அனலும் பள்ளத்துக்குள் இறங்கின. அவர்களோடு இருந்த பங்குத் தந்தை வில்ஃப்ரிட் காஞ்யேயும் இறந்தார். அந்த ஊர் இன்று அவர் பெயரில் வால் காஞ்யே என்று வழங்குகிறது.

அடுத்த ஆண்டே ஒன்டாரியோ காட்டுத்தீத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் கோடையில் நிலத்துக்குத் தீ வைக்கக் கூடாது, காவலர்கள் சுற்றி வருவார்கள். நல்ல சட்டம்தான், ஆனால் அது காலண்டரைப் பார்த்து நடந்தது. தீப் பருவம் செப்டம்பர் 15-இல் முடிந்ததும் காவலர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1922-இல் மழை வரவில்லை. அக்டோபர் 4 அன்று எழுந்த பெருங்காற்றில், குடியேறிகள் வைத்த சின்னத் தீக்கள் சேர்ந்து ஹெய்லிபரி நகரத்தை விழுங்கின. 43 பேர் இறந்தார்கள். மறுநாள் பனி பெய்தது. ஒரு நாள் முன்னால் பெய்திருக்கக் கூடாதா?

குளிர்காலம் தலைக்கு மேல், வீடு இல்லை. டொரோன்டோ நகரம் தான் கழித்துக்கட்டியிருந்த பழைய டிராம் பெட்டிகளில் 80-க்கும் மேற்பட்டவற்றை ரயிலில் ஏற்றி அனுப்பியது. மரத்தால் ஆன பெட்டிகள். அவற்றுக்குள் அடுப்பு வைத்து, ஜன்னல் இடுக்கை அடைத்து, குடும்பங்கள் அந்தக் குளிர்காலத்தைக் கடந்தன. அவற்றில் ஒன்றை ஹெய்லிபரி அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

வெள்ளியையும் தங்கத்தையும் பற்றி இந்த ரயில்வேயின் வரலாற்றில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். என் கணக்கில் இந்த எஞ்சின்களின் பெருமை தாதுவை இழுத்ததில் இல்லை, 1916-இல் ஆட்களை இழுத்ததில் இருக்கிறது. காட்டுக்குள் கங்குகளைக் கொண்டுபோன பாவத்தில் அவற்றுக்கும் பங்கு உண்டு என்பதால் அந்தப் பெருமை குறைந்துவிடாது.

பிறகு பாதை வடக்கே நீண்டது, எஞ்சின்களும் பெருத்தன. 1946-இல் ரயில்வேக்கு ஒன்டாரியோ நார்த்லேண்ட் என்று புதுப் பெயர் சூட்டினார்கள். அமெரிக்காவின் டெக்சஸ் அண்டு நியூ ஆர்லியன்ஸ் ரயில்வேக்கும் இதற்கும் ஒரே சுருக்கெழுத்து என்பதால் சரக்குப் பெட்டிகள் வழிமாறிப் போய்க்கொண்டிருந்தன என்பது காரணம். 1957 ஜூனில், கனடாவின் பெரிய ரயில்வேகளுக்கு முன்பாகவே, இங்கே கரி எஞ்சினுக்கு விடை கொடுத்தார்கள். கடைசி வண்டியை இழுத்தது 701-ஆம் எண் பசிபிக் வகை எஞ்சின், 1921-இல் கிங்ஸ்டனில் கட்டப்பட்டது. இப்போது அது எங்கிள்ஹார்ட் ஊரில் காட்சிக்கு நிற்கிறது.

இந்தப் பாதை 1932-இல் ஜேம்ஸ் விரிகுடா அருகே மூஸ்னீ வரை, சதுப்பு நிலத்தின் மேல் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது தனிக் கதை.